அகழி

பிப்ரவரி. ஔலுவில் கடல் கெட்டித்துச் சாலையாகிவிட்டது.
எதிரே உள்ள தீவுக்கு அதன்மேல்தான் பால்வண்டி போகிறது.
பனிக்கட்டியில் காது வைத்து,
விரிசல் விழுமுன் அது முனகுவதைக் கேட்க
ஒரு பெட்டி செய்யச் சொன்னார்கள்.
செய்தோம்.
அது தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வேண்டியது ஐந்து மைக்ரோவோல்ட் முனகல்.
வந்ததோ நானூறு மைக்ரோவோல்ட் இரைச்சல்,
திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி.

ஹெல்கா முதலில் குழல்விளக்கை அணைத்தாள்.
ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரம் பாதி அடங்கிற்று.
சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினாள்.
பிறகு காபி இயந்திரம்;
அதற்கு மட்டும் அடுத்த அறையிலிருந்து ஆட்சேபம் வந்தது.
மீதிப் புல் அசையாமல் நின்றது.

அப்படியென்றால் உள்ளேதான்.
பெட்டிக்குள் ஒரு கடிகாரம்
நொடிக்கு எண்பது லட்சம் தரம்
ஆம் இல்லை ஆம் இல்லை என்று
அடித்துப் பேசுகிறது.
ஒவ்வொரு ஆமுக்கும் கொஞ்சம் மின்சாரம் கிளம்புகிறது.
கிளம்பியது திரும்பியாக வேண்டும்,
எந்த வழியாக என்று
வரைந்தவன் யோசித்திருக்க வேண்டும்.

வரைந்தது நான்தான்.
பலகையின் கிரவுண்டை நடுவே வெட்டினேன்.
இந்தப் பக்கம் அனலாக், அந்தப் பக்கம் டிஜிட்டல்,
இடையில் இரண்டு மில்லிமீட்டர் அகழி,
ஒரு மூலையில் மட்டும் ஒட்டுப்பாலம்.
சத்தம் போடுகிறவர்களைச் சுவருக்கு அப்பால் வைத்த
நிம்மதியில் தூங்கினேன்.
மூன்று கம்பிகளை மட்டும் அகழியின் மேலே தாண்டவிட்டேன்.
பேச்சுவார்த்தை வேண்டுமே.

சட்டைப் பொத்தான் அளவு செம்பு வளையத்தை
ஹெல்கா பலகைமேல் மெல்ல நகர்த்தினாள்.
அகழி ஓரத்தில் திரை துள்ளிற்று.
மூலைக்குப் போகப் போக இன்னும்.
"தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது
உன் மின்சாரம்" என்றாள்.

கம்பி நேராகத் தாண்டிப் போகிறது.
அதன் அடியிலேயே, நிழலாக,
தரையில் திரும்ப நினைத்தது
பள்ளத்தைக் கண்டு நின்று,
விளிம்போடு விளிம்பாக மூலைவரை நடந்து,
பாலமேறி,
மெல்லிய ஓசைகள் குடியிருந்த தெருவழியே
செருப்புச் சத்தத்தோடு போயிருக்கிறது.
நொடிக்கு எண்பது லட்சம் தரம்.
போன வழியே வர இடமிருந்தால்
யாருடைய தூக்கத்தையும் அது கெடுத்திருக்காது.

ஹெல்கா ஒரு விரற்கடை செம்புத்தாள் வெட்டினாள்.
பச்சைப் பூச்சைக் கத்தியால் சுரண்டி
கம்பிகளின் நேர்கீழே,
அகழியை மூடிச் சால்டர் வைத்தாள்.
புகை கண்ணில் பட்டது, என் கண்ணில்தான்.
திரையில் புல் சாய்ந்தது.
முப்பது மைக்ரோவோல்ட்.

எட்ட நின்ற கெபாசிட்டரை, வாசலிலேயே
தண்ணீர்த்தொட்டி வைப்பதுபோல்,
சிப்பின் காலடிக்கு நகர்த்தினோம்.
ஒன்பது.

மிச்சத்தை இரவு நிரலில் எழுதினேன்:
அளவெடுக்கும் அந்தச் சிறு பொழுது
பிராசஸர் உறங்கட்டும்.
எழுந்து எண்ணட்டும், மறுபடி உறங்கட்டும்.
கேட்கும்போது பேசாதே,
அவ்வளவுதான்; என்னிடம் எத்தனையோ பேர் சொன்னது.
இரண்டு.

காலை, கடல்மேல்.
பனி தள்ளும் வண்டியின் இஞ்சினை உர்போ அணைத்தார்.
பெட்டியைத் துளைக்குள் இறக்கினோம்.
கோடு படுத்திருந்தது.
நெடுநேரம் படுத்திருந்தது.
பெட்டி செத்துவிட்டதோ என்று
பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு ஒரு புடைப்பு. அகலமாக, அவசரமில்லாமல்.
நானும் ஹெல்காவும் ஒரே நேரத்தில்
ஒருவர் கைபேசியை ஒருவர் பார்த்தோம்.
இரண்டும் அணைந்திருந்தன.
இன்னொன்று வந்தது. அதற்குள் இன்னொன்று.
எங்களுடையதல்லாத முதல் சத்தம்.

உர்போ ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்புக் கம்பத்தைச் சாலையின் குறுக்கே சாய்த்தார்.
தூரத்தில் பால்வண்டி விளக்கு
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, நின்றது,
மெதுவாகத் திரும்பிற்று,
வந்த வழியே.